ஆறு மணிச் செய்தியின் புகை

நொயலீன் கிராம்ப்டன் தராசின் முன் உட்காரும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். தராசைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, மூச்சு உள்ளே போகாது. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சா என்ன? சர்ச்சுக்குள்ள போனா தொப்பியக் கழட்டுறோம்ல, அந்த மாதிரிதான்" என்றார்.

அந்தத் தராசு ஒரு மைக்ரோகிராம் வரை காட்டும். ஒரு சர்க்கரை மணியை அறுநூறு துண்டாக்க முடியுமானால் ஒரு துண்டின் எடை ஏறக்குறைய அவ்வளவு. அதைக் கொண்டு அவர் பதினோரு ஆண்டுகள், பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் திமாரு நகரத்தின் காற்றை எடை போட்டார். 2005 ஜூலை முதல் தேதி தொடங்கி 2016 ஜூன் முப்பதுவரை நான்காயிரத்துப் பதினெட்டு நாட்கள். வடிதாள்கள் நான்காயிரத்து ஏழு. விடுபட்ட பதினொன்றில் ஒன்பது மின்வெட்டால், இரண்டு எலியால். இந்தக் கணக்கை நான் அவருடைய பதிவேட்டிலிருந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் கடைத்தெருவில் துணி அளந்தவர். "அப்ப மீட்டர்ல ஏமாத்தாம இருந்தேன், இப்ப மைக்ரோகிராம்ல ஏமாத்தாம இருக்கேன். வேலை ஒன்னுதான்" என்பார்.

பள்ளி மைதானத்தின் மூலையில் ஒரு வெள்ளைக் கொட்டகை. கூரைக்கு மேலே தொப்பி போட்ட குழாய் ஒன்று நின்று நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் லிட்டர் காற்றை உறிஞ்சும். காற்று ஒரு வடிதாளின் வழியே போகும், தூசி தங்கிவிடும். வடிதாள் இஞ்சி பிஸ்கட் அளவு. காலை ஒன்பது மணிக்கு நொயலீன் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார். கோடையில் எடுப்பது பாலாடை நிறத்தில் இருக்கும். எங்களுக்கு நடுக்குளிர்காலமான ஜூலையில், பனிமூட்டம் ஊரை மூடிபோட்டதுபோல் அமுக்கிய இரவுக்குப் பிறகு, அடுப்புக்கரி நிறத்தில் வரும். ஒரு முழு நாளின் கறுப்பை எடை போட்டால் இரண்டு, மூன்று சர்க்கரை மணி தேறும். முப்பதாயிரம் பேர் வாழும் ஊரின் ஒரு நாள் அது.

எடை போட்ட வடிதாள்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் நாட்டின் வடதீவுக்குத் தபாலில் போகும். அங்கே மெரியானா என்ற இயற்பியலாளர் ஒவ்வொன்றின்மேலும் புரோட்டான் கற்றையைப் பாய்ச்சுவார். தூசியில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரை வெளிவிடும். எது எவ்வளவு என்று பட்டியல் திரும்பி வரும்.

முதல் பட்டியலை நொயலீன் என் வீட்டு வேலிக்கு மேலாக நீட்டிக் காட்டியது நினைவிருக்கிறது. நான் பக்கத்து வீடு. 1979 முதல் என் தோட்டத்தில் மழைமானியும் காற்றுமானியும் இருக்கின்றன, அதனால் காட்டினார். தெற்கிலிருந்து புயல் வீசிய நாளில் சோடியமும் குளோரினும்: கடல் வந்து உட்கார்ந்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் நின்ற நாளில் கந்தகமும் வனேடியமும். நவம்பர் ஐந்தாம் தேதி வாணவேடிக்கை இரவில் ஸ்ட்ரான்சியமும் பேரியமும். வானத்தில் ஒரு நொடி பூத்த சிவப்பையும் பச்சையையும் அந்த பிஸ்கட் அளவு வட்டம் பிடித்து வைத்திருந்தது. ஒரு செப்டம்பரில் வடிதாள் இளஞ்செம்மையாக வந்தது. அது இரண்டாயிரம் கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த ஆஸ்திரேலியச் செம்மண்.

"வாயத் தொறந்தபடி நிக்காத. தூசி போகும்" என்றார் நொயலீன்.

அவர் கணவர் டெஸ் வீடு கட்டுபவர். 2009இல் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தொழில் போயிற்று. இரண்டு ஆண்டுகள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழ முடிந்த பிறகும் எழவில்லை. நொயலீன் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசமாட்டார். பிறகு 2011 மே மாதம் விறகு வண்டி தொடங்கியது. புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் மன்றத்து ஆட்கள் நான்கு பேர், ஒரு பழைய லாரி. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சிய மரத்துண்டுகளைச் சேர்த்து, குளிர்காலத்தில் சனிக்கிழமைதோறும், ஓடைப் பள்ளத்தில் உள்ள ஓய்வூதியக்காரர் குடியிருப்பு இருபத்துமூன்றுக்கும் வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி இலவசமாகக் கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்குச் சரியாக வரும். டெஸ் சனிக்கிழமைக்காக எழுந்தார். பிறகு வெள்ளிக்கிழமையும் எழுந்தார், மரம் பிரிக்க. பிறகு எல்லா நாளும் எழுந்தார்.

டெஸ் விதிமுறை தவறாதவர். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் உண்டு, நிறம் பச்சையடிக்கும். லாரியின் பின்பலகையில் அவரே வண்ணத்தில் எழுதியிருந்தார்: "பச்சை தெரிந்தால் தூக்கிப் போடு." நானே பார்த்திருக்கிறேன், விரல் நீளத் துண்டில் பச்சை தெரிந்தாலும் எறிந்துவிடுவார்.

2014 ஜூன் 12, வியாழன். மே மாதப் பட்டியல் வந்தது. நொயலீன் என் சமையலறைக்கு வந்து அதை மேசைமேல் வைத்தார்.

"ஆர்சனிக் வரிசையப் பாரு."

முந்தைய குளிர்காலங்களில் ஒரு வடிதாளுக்குச் சராசரி 0.15 மைக்ரோகிராம். இந்த மே மாதம் 0.9. ஆறு மடங்கு.

"தராசு?" என்றேன்.

"என் தராசச் சொல்லாத, உன் மழைமானிய உடைப்பேன். இது எடை இல்ல, மெரியானா எண்ணினது. மூனு தடவ எண்ணியிருக்கா." பட்டியலை என் பக்கம் தள்ளினார். "எவனோ மருந்துப் பலகைய எரிக்கிறான். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல. உன் காத்துப் புத்தகத்தக் குடு."

மூன்று மாலை நேரங்கள் இருவரும் உட்கார்ந்து, அவர் நாள்களையும் என் நாள்களையும் ஒரே தாளில் வரிசையிட்டோம். காற்று கடலிலிருந்து அடித்த இரவுகளில் ஆர்சனிக் இல்லை. காற்று ஓய்ந்த இரவுகளில், குளிர்ந்த காற்று தண்ணீரைப்போல மேட்டிலிருந்து ஓடைப் பள்ளம் வழியாக இறங்கி மைதானத்துக்கு வரும்போது மட்டும் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் குறித்துவந்த திசைகளுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பள்ளத்தின் மேல்முனையில், கொட்டகையிலிருந்து 640 மீட்டரில், இருக்கும் வீடுகள் ஓய்வூதியக்காரர்களுடையவை மட்டுமே.

நொயலீன் பென்சிலைக் கீழே வைத்தார். "டெஸ் பச்சையத் தொடவே மாட்டாரு" என்றார். பிறகு, "நிச்சயமா தெரியாம ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். அந்த வண்டி நின்னா அவரு மறுபடி நாற்காலிக்குப் போயிருவாரு. அந்த இருபத்திமூனு பேரும் குளிர்ல கெடப்பாங்க" என்றார்.

நிச்சயம் தானாகவே வந்தது. ஜூன் 21 சனிக்கிழமை வண்டி ஓடவில்லை. பௌல்ஸ் மன்றத்தின் புல்தரையைப் பார்த்துக்கொண்டவர் இறந்து, அன்று அடக்கம். நான்கு பேரும் பெட்டி தூக்கினார்கள். ஜூலை 15இல் வந்த ஜூன் பட்டியலில், 22 முதல் 28 வரை புகையின் அளவு எந்த வாரமும் போலவே இருந்தது. விறகுப் புகைக்கு அடையாளமான பொட்டாசியம் அப்படியே, கரி அப்படியே. முதியவர்கள் காசு கொடுத்து நிலக்கரியோ பைன் விறகோ வாங்கி எரித்திருக்கிறார்கள். ஆர்சனிக் மட்டும் 0.2க்கு இறங்கியிருந்தது. ஒரு மனிதரின் அடக்கம் காற்றில் பதிவாகியிருந்தது.

அன்று மாலை நொயலீன் என்னையும் கூப்பிட்டார், தனியே சொல்ல முடியாது என்று. டெஸ் சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"என் வண்டியா?"

"ஆமா, டெஸ்."

"மூனு வருஷமா ஒரு பச்சைத் துண்டு ஏத்தினது இல்ல. வண்டியில வர்ற பயலுக கண்ணு தவறினாலும் என் கண்ணு தவறல. உன் வடிதாள் பொய் சொல்லுது."

"போன வருஷம் இல்லாத எது இந்த வருஷம் வண்டியில ஏறுது?"

டெஸ் யோசித்தார். அவர் ஒளிப்பவர் இல்லை. "வேலிப் பலகை" என்றார். "போன செப்டம்பர் பெருங்காத்துல பாதி ஊரு வேலி சாஞ்சுது. எல்லாரும் கொண்டுவந்து குடுத்தாங்க. ஆனா அது சாம்பலா வெளுத்த பலகை, நோல். இருபது வருஷ மழை. மருந்தெல்லாம் எப்பவோ கழுவிப்போயிருக்கும்."

அவர் மட்டும் அல்ல. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆண்டுக்கு 570 மில்லிமீட்டர் மழையை அளந்து எழுதியவன் நான். இருபது ஆண்டுக்குப் பதினொன்றரை மீட்டர் தண்ணீர். அது ஒரு பலகையைக் கழுவாதா?

"சரி, சோதிச்சுப் பாத்திரலாம்" என்றார் டெஸ். எழுந்து வெளியே போய், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே 1991இல் நாங்கள் இருவரும் சேர்ந்து நட்டு, அதே காற்றில் சாய்ந்துபோன வேலியிலிருந்து ஒரு பலகையை இழுத்து வந்தார். வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. கத்தியால் ஒரு சிம்பு சீவி உறையில் போட்டார். "அனுப்பு அந்தப் பொண்ணுக்கு. ஒன்னும் இருக்காது."

ஜூலை 24 வியாழன் மெரியானா தொலைபேசியில் அழைத்தார். நொயலீன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"டெஸ், நீங்க பக்கத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன், பொண்ணே. சொல்லு."

"கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல ஆர்சனிக். புதுப் பலகையில இருக்கிறதுல முக்கால் பங்கு இன்னும் அங்கேயே இருக்கு. மருந்து மரத்தோட ஒட்டிக்கிடும். மழை நிறத்தத்தான் கொண்டுபோகும். நல்லா பிரிச்சிருக்கீங்க, ஆனா கண்ணால பிரிச்சிருக்கீங்க."

டெஸ் தொலைபேசியை விட்டு நகர்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நாற்காலி அவருக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் இருந்தது. நொயலீன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"ஒரு சிம்பு" என்றார் டெஸ் கடைசியில். "தீக்குச்சி அளவுகூட இல்ல. அதுல எப்படிக் கண்டா?"

"காத்துலயே கண்டவளுக்கு மரத்துல காணுறது பெருசா?" என்றார் நொயலீன்.

டெஸ் தொப்பியை எடுத்தார். "நாளன்னைக்கு சனிக்கிழமை. வண்டி ஓடும். திருப்பி ஓடும்."

ஜூலை 26 அன்று இருபத்துமூன்று வீட்டுக் கதவையும் தட்டி, கொடுத்த பலகையை டெஸ்ஸும் மற்ற மூவரும் திருப்பி லாரியில் ஏற்றினார்கள். எடை குறிக்க நானும் போனேன். குப்பைக்கிடங்கின் எடைமேடை 1,140 கிலோ காட்டியது. ஒவ்வொரு வாசலிலும் டெஸ் அதையே சொன்னார்: "தப்பு என்னுது. சாம்பலையும் தாங்க, தோட்டத்துல போடாதீங்க." பதிலுக்கு என்ன எரிப்பது என்ற கேள்விக்கு அதே பெருங்காற்று வழி வைத்திருந்தது. வயல் ஓரங்களில் காற்றுத் தடுப்பாக வரிசையாக நின்ற மக்ரோகார்ப்பா மரங்களை அது நூற்றுக்கணக்கில் சாய்த்திருந்தது. பத்து மாதம் தரையில் கிடந்த மரம். ஒரு விவசாயி அறுத்துக்கொள்ளச் சொன்னார். நொயலீன் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்த்து, இருபத்தைந்து சதவீதத்துக்கு மேலிருந்தால் ஏற்றவிடவில்லை.

"துணிக்கடையில இப்படித்தான் உயிர வாங்குவாளாம்" என்றார் டெஸ், ரம்பத்தை நிறுத்தாமல்.

உண்மையைச் சொல்லவேண்டும். ஆகஸ்டில் மொத்தத் தூசி குறையவில்லை. கன மீட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் கூடியது. மக்ரோகார்ப்பா பலகையைப்போல் பொசுக்கென்று பிடிக்காது, தொடக்கத்தில் புகையும். நொயலீன் அதையும் பதிவேட்டில் எழுதினார், காரணத்தோடு. ஆர்சனிக் 0.15க்கு வரவேண்டியது, 0.24இல் நின்றது.

மெரியானா வேறொரு கருவியை இரவல் அனுப்பினார். அதில் வட்டத்துக்குப் பதில் நீளமான வடிதாள் நாடா. மணிக்கொரு முறை சற்று நகரும். வாரத்துக்கு 168 கோடுகள், ஒவ்வொன்றும் பென்சில் கீறல் அளவு. நாடா போய், வரைபடமாகத் திரும்பி வந்தது. ஆகஸ்ட் 14 மாலை அதை என் மேசைமேல் விரித்தோம். கரியின் கோடு மாலை ஐந்துக்கு ஏறி நள்ளிரவுவரை மலைபோல் நின்றது. ஆர்சனிக்கின் கோடு தரையோடு படுத்திருந்தது. ஆனால் நாளுக்கு ஒரு இடத்தில் மட்டும் ஊசிபோல் எழுந்து விழுந்தது. திங்கள், ஆறிலிருந்து ஏழுக்குள். செவ்வாய், ஆறிலிருந்து ஏழு. புதன், வியாழன், வெள்ளி, அதே. சனியும் ஞாயிறும்கூட அதே.

"ஒரு வீடு" என்றார் நொயலீன் மெதுவாக. "ஒரே வீடு. பத்தவைக்க மட்டும் ரெண்டு சிம்பு போடுறாங்க. அப்புறம் நல்ல விறகு."

முப்பத்தைந்து ஆண்டுகளாக வானத்தைப் பார்க்கிறவன் நான். 640 மீட்டர் தூரத்தில், யாரோ ஒருவர் கணப்பில் வைத்த இரண்டு குச்சி, புகைபோக்கி வழியே ஏறி, பள்ளத்தில் உருண்டு, ஊரின் எல்லாப் புகையோடும் கலந்து, ஒரு கீறலில் வந்து தங்கி, தான் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்றும் சொல்கிறது. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. பதிவேட்டில் அதை எழுதக் கட்டம் கிடையாது.

டெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு ஊசியாக விரல் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பல மாதங்களுக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆறு மணிச் செய்தி! எர்ரல்! பதினொன்னாம் நம்பர் எர்ரல் கஞ்சன்! செய்தி ஆரம்பிக்கிற மணி அடிக்காம அடுப்பு மூட்டமாட்டான். வெளிய பனி கொட்டினாலும் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். இருபத்திமூனு வீட்டுல அவன் ஒருத்தன்தான்."

சனிக்கிழமை வண்டி பதினொன்றாம் நம்பர் முன் முதலில் நின்றது. எர்ரலுக்கு எண்பத்தெட்டு வயது. கதவைப் பாதி திறந்தார்.

"விறகு பின்னால போடு, டெஸ்."

"போடுறேன். வேலிப் பலகை எங்க?"

"எந்தப் பலகை? எல்லாத்தையும் அன்னைக்கே தூக்கிட்டுப் போனியே, திருடன் மாதிரி."

"தெனம் ஆறு மணிக்கு எரிக்கிறியே, அந்தப் பலகை."

எர்ரல் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், எதிர்வீட்டு ஜன்னல் திரையைப் பார்த்தார். "யாரு வேவு பாத்தது? அந்த ஒன்பதாம் நம்பர் பொம்பளையா?"

"என் பொண்டாட்டி. உன் புகைய எடை போட்டுட்டா."

"பொய்."

"திங்கக்கிழமை கொஞ்சம் லேட்டு நீ. ஆறரைக்கு மேல வச்சிருக்க, கோடு மெலிஞ்சிருந்துச்சு."

அது டெஸ் அடித்துவிட்ட கதை. நாடாவில் நிமிடம் தெரியாது. ஆனால் எர்ரலின் வாய் திறந்தபடி நின்றது. "திங்கக்கிழமை... பொண்ணு போன் பண்ணியிருந்தா" என்றார். பிறகு உள்ளே போய், துணி துவைக்கும் அறையிலிருந்து, சிம்பு சிம்பாகப் பிளந்து கயிறு கட்டிய ஏழு கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பதே கால் கிலோ. "உன் புது மரம் சட்டுனு புடிக்கல, டெஸ். என் கை நடுங்குது. பத்து குச்சி கிழிக்கிறேன்."

டெஸ் அன்று மற்ற வீடுகளுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். எர்ரலின் வாசலிலேயே உட்கார்ந்து, காய்ந்த பைன் கட்டை ஒன்றைப் பென்சில் பருமனில் சீவி ஏழு கட்டு கட்டினார், நாளுக்கு ஒன்று. அதன்பின் சனிக்கிழமைதோறும் இருபத்துமூன்று தள்ளுவண்டியோடு இருபத்துமூன்று வீட்டுக்கும் ஏழேழு சிம்புக்கட்டும் போயின. வெள்ளிக்கிழமை முழுக்க அவருக்கு வேலை. நாற்காலி என் வீட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டது, நான்தான் உட்காருகிறேன்.

ஆகஸ்ட் 25 திங்கள் காலை டெஸ் முதன்முறையாக எடை அறைக்கு வந்தார். நொயலீன் அவருக்குக் கையுறை கொடுத்தார், தொடாதே என்றார். முந்தைய நாளின் வடிதாளை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்துக் கதவை மூடினார். எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. தூசி 1,212 மைக்ரோகிராம். பின்னால் வந்த பட்டியலின்படி அதில் ஆர்சனிக் 0.14.

"இவ்வளவுதானா?" என்று டெஸ் கேட்கவில்லை. கேட்க முடியாது, தராசு நின்ற பிறகும், கண்ணாடியைப் பார்த்தபடி, அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.